அந்த ஒரு நிமிடத்தை மிச்சப்படுத்தியது எது?

கேள்வி: நான் ஐந்தாம் வகுப்பு ஆசிரியை. என் வகுப்பில் மூன்று பேருக்கு டிஸ்லெக்ஸியா என்ற வாசிப்புக் குறைபாடு இருப்பதாக முறையாக மதிப்பிட்டுச் சொல்லியிருக்கிறார்கள். அவர்களில் ஒரு மாணவனின் தந்தை, டிஸ்லெக்ஸியா உள்ளவர்களுக்கென்றே உருவாக்கப்பட்ட ஓப்பன்டிஸ்லெக்ஸிக் என்ற எழுத்துருவை இணையத்திலிருந்து இறக்கி எனக்கு அனுப்பினார். அவருடைய மகன் பாடப்புத்தகத்தில் 4 நிமிடம் எடுத்துக்கொண்டு வாசித்த ஓர் ஆங்கிலப் பத்தியை மறுநாள் அந்த எழுத்துருவில் அச்சிட்டுக் கொடுத்தேன். 3 நிமிடத்தில் முடித்துவிட்டான். தலைமை ஆசிரியருக்கு ஒரே மகிழ்ச்சி. இந்த மூவருக்கும் எல்லாப் பயிற்சித்தாள்களையும் வினாத்தாள்களையும் அந்த எழுத்துருவுக்கு மாற்றச் சொல்கிறார். மாலை நேரமெல்லாம் தட்டச்சிலேயே போகிறது. இதற்கிடையில், மூவரில் ஒருத்தியான மாணவி அந்தத் தாளைப் பைக்குள் ஒளித்துவைத்துவிட்டு, பக்கத்தில் இருப்பவளின் தாளைப் பார்த்து வாசிக்கிறாள். தமிழ்ப் பாடத்துக்கு எந்த எழுத்துருவைப் பயன்படுத்துவது என்றும் தெரியவில்லை. நான் செய்வது சரிதானா?

பதில்:

அன்புள்ள ஆசிரியைக்கு,

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்தது அந்த 4 நிமிடமும் 3 நிமிடமும்தான். ‘முன்பைவிட நன்றாக வாசிக்கிறான் போலிருக்கிறது’ என்று பொதுவாக எழுதாமல் கடிகாரத்தைப் பார்த்திருக்கிறீர்கள். எனக்கு வரும் கடிதங்களில் அது அபூர்வம். அளந்திருக்கிறீர்கள் என்பதாலேயே, மிச்சமான அந்த ஒரு நிமிடத்தை யார் கணக்கில் எழுதுவது என்று கொஞ்சம் குடைந்து பார்க்கத் தோன்றுகிறது.

அந்த இரண்டு நாட்களுக்கு இடையில் மாறியது எழுத்துரு மட்டும்தானா? மறுநாள் அவன் வாசித்தது முதல்நாள் வாசித்த அதே பத்தி. கதை தெரியும். எந்தச் சொல்லில் இடறினோம் என்பதும் நினைவிருக்கும். அவற்றில் இரண்டு மூன்றை நீங்களே சொல்லிக் கொடுத்தும் இருப்பீர்கள். எந்தக் குழந்தையும் இரண்டாம் முறை விரைவாகத்தான் வாசிக்கும். ஒரே பத்தியைத் திரும்பத் திரும்ப வாசிக்க வைப்பது, சரளம் வருவதற்காக எங்கள் துறையில் காலங்காலமாகச் செய்யும் பயிற்சி. அடுத்து, பாடப்புத்தகப் பக்கத்தை நினைத்துப் பாருங்கள். படம், பெட்டிச் செய்தி, அடிக்குறிப்பு, நெருக்கியடித்த வரிகள். நீங்கள் கொடுத்ததோ வெறுந்தாளில் ஒரே ஒரு பத்தி. போதாததற்கு, அந்த எழுத்துரு இயல்பிலேயே அகலமானது. மற்ற எழுத்துருக்களின் அதே பாயிண்ட் அளவில் வைத்தாலும் பெரிதாகவும் விலகலாகவும் தெரியும். இவற்றோடு, இவனுக்காகவே ஆசிரியை தட்டச்சு செய்து கொண்டுவந்த தாள் அது. அந்த உற்சாகத்துக்கும் ஒரு பங்கு உண்டு.

ஆக ஒரே நேரத்தில் நான்கைந்து மாற்றங்கள் நடந்திருக்கின்றன, பாராட்டு ஒன்றுக்கு மட்டும் போய்ச் சேர்ந்திருக்கிறது. உங்களைக் குறை சொல்லவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் நானும் இதையே செய்தேன். ஒரு கோடை விடுமுறை முழுக்க உட்கார்ந்து ஓர் அலமாரி நிறையத் தாள்களைச் சிறப்பு எழுத்துருவுக்கு மாற்றினேன். பிள்ளைகள் முன்னேறினார்கள். எழுத்துருதான் காரணம் என்று கூட்டங்களில் பேசவும் செய்தேன். அடுத்த ஆண்டு கணினியில் அந்த எழுத்துரு அழிந்துபோய், அவசரத்துக்குச் சாதாரண எழுத்துருவில் அதே அளவு இடைவெளி விட்டு அச்சிட்டுக் கொடுத்தேன். எந்தப் பிள்ளைக்கும் வித்தியாசமே தெரியவில்லை. அன்று எனக்கு வந்த எரிச்சல் இன்னும் முழுதாகத் தீரவில்லை.

முதலில் உங்கள் மாலைப் பொழுதைக் காப்பாற்றிவிடுகிறேன். எல்லாத் தாள்களையும் அந்த எழுத்துருவுக்கு மாற்ற வேண்டாம். மாற்ற வேண்டியது வேறு. அதற்கு இவ்வளவு நேரம் ஆகாது. ஏன் என்பதை இனிச் சொல்கிறேன். தலைமை ஆசிரியரிடம் நீங்கள் பேசும்போது பயன்படும்.

இந்த எழுத்துருக்கள் வந்த கதை நல்ல கதை. நெதர்லாந்தைச் சேர்ந்த கிறிஸ்டியன் போர் என்ற வடிவமைப்பாளருக்கு டிஸ்லெக்ஸியா உண்டு. 2008இல் தன் பட்டப்படிப்புத் திட்டமாக டிஸ்லெக்ஸி என்ற எழுத்துருவை உருவாக்கினார். எழுத்துகளின் அடிப்பாகத்தைக் கனமாக்கினால் அவை தலைகீழாகப் புரளாமல் நிற்கும், ஒன்றைப் போல் ஒன்று இல்லாதபடி வளைவுகளை மாற்றினால் குழப்பம் வராது என்பது அவருடைய எண்ணம். பிறகு 2011இல் அபெலார்டோ கொன்சாலெஸ் என்பவர் அதே எண்ணத்தில் ஓப்பன்டிஸ்லெக்ஸிக்கை உருவாக்கி இலவசமாகவே வெளியிட்டார். மின்னூல் கருவிகளில்கூட அது இடம்பிடித்துவிட்டது. இருவருடைய நோக்கத்திலும் பழுதில்லை.

பழுது இருப்பது அடிப்படைக் கருத்தில். டிஸ்லெக்ஸியா உள்ள பிள்ளையின் கண்ணுக்கு எழுத்துகள் புரண்டும் திரும்பியும் தெரிகின்றன என்பது பழைய நம்பிக்கை. அந்தச் சொல்லையே 1880களில் உருவாக்கியவர் ருடால்ஃப் பெர்லின் என்ற ஜெர்மானியக் கண் மருத்துவர். 1896இல் பிரிங்கிள் மோர்கன் என்ற ஆங்கிலேய மருத்துவர், நல்ல அறிவுடைய 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு வாசிக்க வரவில்லை என்று மருத்துவ இதழில் எழுதியபோது அதைப் ‘பிறவிச் சொற்குருடு’ என்றே குறிப்பிட்டார். 1925இல் சாமுவேல் ஆர்ட்டன் என்ற அமெரிக்க நரம்பியலாளர், ‘முறுக்கிய குறிகள்’ என்று பொருள்படும் ஒரு கிரேக்கப் பெயரை அதற்குச் சூட்டினார். கண், குருடு, முறுக்கு என்று பெயர்களே பார்வையைச் சுட்டிக்கொண்டிருந்தால் மக்கள் வேறு என்னதான் நினைப்பார்கள்?

இதை உடைத்த சோதனை ஒன்று எனக்கு மிகவும் பிடித்தமானது. 1970களில் ஃபிராங்க் வெல்லுட்டினோ என்ற அமெரிக்க ஆய்வாளர், ஆங்கிலம் வாசிக்கத் திணறும் குழந்தைகளையும் நன்றாக வாசிக்கும் குழந்தைகளையும் கூட்டி, இரு சாராருக்குமே தெரியாத ஹீப்ரு எழுத்துகளைக் காட்டினார். பார்த்ததை நினைவிலிருந்து எழுதச் சொன்னார். திணறும் குழந்தைகள் மற்றவர்களைப் போலவேதான் எழுதினார்கள். கண்ணில் எழுத்து புரள்வது உண்மையானால் ஹீப்ரு எழுத்தும் அல்லவா புரண்டிருக்க வேண்டும்? அவர்களுக்குச் சிக்கல் வந்தது, எழுத்துக்கு ஒலியும் பெயரும் சேரும் இடத்தில். அதே காலகட்டத்தில் இசபெல் லிபர்மனும் அவருடைய குழுவினரும், திணறும் வாசகர்களின் பிழைகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தார்கள். எழுத்தைத் திருப்பிப் படிக்கும் பிழைகள் மொத்தத்தில் சிறு பகுதியாகத்தான் இருந்தன. ஒரு கோடும் ஒரு வயிறும் சேர்ந்த நான்கு ஆங்கில எழுத்துகள் இருக்கின்றனவே, இப்படித் திருப்பினால் ஒன்று, அப்படித் திருப்பினால் மற்றொன்று, அவற்றை வாசிக்கத் தொடங்கும் எல்லாக் குழந்தைகளும் குழப்பிக்கொள்ளும். டிஸ்லெக்ஸியா உள்ள பிள்ளைகளிடம் அது கொஞ்சம் அதிக நாள் நீடிக்கும். அதுவும், எந்த வடிவத்துக்கு எந்த ஒலி என்ற முடிச்சு இன்னும் இறுகவில்லை என்பதால்.

சொல்லைத் தனித்தனி ஒலிகளாகப் பிரிப்பதும், ஒலியை எழுத்தோடு தடையில்லாமல் இணைப்பதும்தான் இந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குக் கடினம். எழுத்தின் அடியைக் கனமாக்குவது அந்த முடிச்சைத் தொடுவதேயில்லை.

சோதித்துப் பார்த்தவர்களும் இதையேதான் கண்டார்கள். ஜெசிகா வெரி, ஜெனிஃபர் டிலிபர்ட்டோ இருவரும் டிஸ்லெக்ஸியா உள்ள 12 தொடக்கப்பள்ளி மாணவர்களிடம் ஓப்பன்டிஸ்லெக்ஸிக், கணினிகளில் சாதாரணமாக இருக்கும் ஏரியல், டைம்ஸ் நியூ ரோமன் ஆகிய மூன்று எழுத்துருக்களையும் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். எழுத்தைப் பெயர் சொல்வதிலும் சொற்களை வாசிப்பதிலும் வேகமும் கூடவில்லை, பிழையும் குறையவில்லை. அதில்தான் வாசிக்க விருப்பம் என்று ஒரு குழந்தைகூடச் சொல்லவில்லை. நெதர்லாந்தில், டிஸ்லெக்ஸி எழுத்துரு பிறந்த நாட்டிலேயே, டிஸ்லெக்ஸியா உள்ள 170 குழந்தைகள் அதிலும் ஏரியலிலும் வாசித்தார்கள். வேறுபாடு இல்லை, பெரும்பாலோருக்கு ஏரியல்தான் பிடித்திருந்தது. அந்த ஆய்வில் இன்னொரு செய்தி உண்டு, அதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்: எந்த எழுத்துரு பிடித்திருக்கிறது என்பதற்கும் எதில் நன்றாக வாசிக்கிறார்கள் என்பதற்கும் தொடர்பே இல்லை.

உங்கள் மூன்று நிமிடக் கதைக்கு மிக நெருங்கி வருவது 2016இல் வெளியான ஆய்வு. ஈவா மரினஸும் உடன் ஆய்வாளர்களும், வாசிப்பில் பின்தங்கிய 39 குழந்தைகளுக்கு டிஸ்லெக்ஸி எழுத்துருவைக் கொடுத்தபோது ஏரியலைவிட 7 சதவீதம் விரைவாக வாசித்தார்கள். பார்த்தீர்களா, பலன் இருக்கிறதே என்று அங்கேயே நிறுத்தியிருக்கலாம். அவர்கள் நிறுத்தவில்லை. டிஸ்லெக்ஸி எழுத்துருவில் எழுத்துகளுக்கு நடுவிலும் சொற்களுக்கு நடுவிலும் எவ்வளவு இடைவெளி இருக்கிறதோ அதே அளவு ஏரியலிலும் விட்டு மறுபடி வாசிக்க வைத்தார்கள். அந்த 7 சதவீதம் காணாமல் போய்விட்டது. வேலை செய்தது இடைவெளி. பெயர் வாங்கியது எழுத்துரு.

இடைவெளி ஏன் வேலை செய்கிறது? ஓர் எழுத்தைத் தனியாக வைத்தால் எளிதாக அடையாளம் காணும் கண், இருபுறமும் வேறு எழுத்துகள் நெருக்கி நின்றால் தடுமாறும். இது எல்லோருக்கும் உள்ளதுதான். வாசிப்புக் குறைபாடு உள்ள பிள்ளைகள் சிலருக்கு இந்த நெரிசல் கூடுதலாக உறைக்கிறது. 2012இல் மார்கோ சோர்சி குழுவினர் இத்தாலியிலும் பிரான்சிலுமாக டிஸ்லெக்ஸியா உள்ள 74 குழந்தைகளிடம் இதைச் சோதித்தார்கள். சாதாரண டைம்ஸ் எழுத்துரு, 14 பாயிண்ட், எழுத்துகளுக்கு நடுவே 2.5 பாயிண்ட் கூடுதல் இடைவெளி, அதற்கேற்ப விலகிய வரிகள், அவ்வளவுதான். எந்தப் பயிற்சியும் கொடுக்காமலேயே பிழைகள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. வேகம் 20 சதவீதத்துக்கு மேல் கூடியது. பின்னால் வந்த ஆய்வுகள் எல்லாமே இதே அளவு பலனைக் காட்டவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் கெடுதல் ஒன்றும் இல்லாத, காசு கேட்காத, எந்தக் கணினியிலும் ஒரு நிமிடத்தில் செய்யக்கூடிய மாற்றம் இது.

எனவே உங்கள் கணினியில் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். ஆங்கிலத்துக்கு ஏரியல், வெர்டானா, காலிப்ரி போன்ற, ஓரங்களில் கொக்கி இல்லாத எளிய எழுத்துரு எதுவாயினும் சரி. காமிக் சான்ஸ் கூடச் சரிதான். வடிவமைப்பாளர்கள் அதைக் கண்டால் முகம் சுளிப்பார்கள், பிள்ளைகள் சுளிப்பதில்லை. அளவு 14 பாயிண்ட். எழுத்து இடைவெளியை 1.5 முதல் 2.5 பாயிண்ட் வரை விரிவாக்குங்கள். அப்படிச் செய்யும்போது சொற்களுக்கு நடுவிலும் இடம் கூட வேண்டும், இல்லையென்றால் சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டி முழு வரியும் ஒரே சொல்லாகத் தெரியும். இதை மறந்துவிட்டு ‘இடைவெளி விட்டும் பலனில்லை’ என்று எழுதுபவர்கள் பலர். எளிய வழி: ஓர் இடைவெளி உள்ள இடங்களில் எல்லாம் இரண்டாக மாற்றும்படி கணினிக்கு ஒரே கட்டளை கொடுத்துவிடுங்கள். வரி இடைவெளி ஒன்றரை. வலது ஓரத்தைச் சீராக்க வேண்டாம். இடது ஓரம் மட்டும் நேராக இருந்தால் போதும். ஓரத்தைச் சீராக்கினால் வரிக்கு வரி இடைவெளி மாறி, பக்கம் முழுக்க வெள்ளை ஓட்டைகள் விழும். சாய்வெழுத்தும் அடிக்கோடும் வேண்டாம். அழுத்தம் தேவையானால் தடித்த எழுத்து. சாய்வெழுத்தைப் பற்றிச் சும்மா சொல்லவில்லை. டிஸ்லெக்ஸியா உள்ள 48 பேரின் கண்ணசைவை 12 எழுத்துருக்களில் பதிவு செய்த லூஸ் ரெயோவின் ஸ்பானிய மொழி ஆய்வில் சாய்வெழுத்துகள்தான் வாசிப்பைத் தெளிவாகக் கெடுத்தன. பளிச்சென்ற வெள்ளைத்தாளுக்குப் பதில் வெளிர்மஞ்சள் தாள் கிடைத்தால் நல்லது, கிடைக்காவிட்டால் அதற்காக அலைய வேண்டாம்.

இதை ஒருமுறை ஒரு கோப்பில் அமைத்துச் சேமித்துவிட்டால், அடுத்த தாளுக்கு அதில் ஒட்டினால் போதும். நான் சொன்ன ‘நேரம் ஆகாது’ இதுதான்.

இனித் தமிழ். இங்கேதான் எனக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பேச ஆசை, ஏனென்றால் தமிழுக்கு இதையெல்லாம் யோசித்துச் செய்தவர்கள் குறைவு. நீங்கள் வைத்திருக்கும் அந்த எழுத்துரு ஆங்கிலத்தைப் போன்ற ரோமன் எழுத்துகளுக்காகச் செய்யப்பட்டது. தமிழ்ப் பத்தியைத் தேர்ந்தெடுத்து அதைப் போட்டால், பட்டியில் அதன் பெயர் தெரியும்; தாளில் கணினி தானாக எடுத்துக்கொண்ட வேறு தமிழ் எழுத்துரு அச்சாகும். சில பள்ளிகளில் ‘தமிழுக்கும் சிறப்பு எழுத்துரு போட்டிருக்கிறோம்’ என்று காட்டிய தாள்களைப் பார்த்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு வந்திருக்கிறேன். அப்படியே தமிழ் வடிவம் ஒன்று வந்தாலும், அது தீர்க்க வந்த சிக்கல் நம் எழுத்தில் இல்லை. இடம் வலமாகத் திருப்பினால் வேறோர் எழுத்தாகிவிடும் இரட்டைகள் தமிழில் கிடையாது.

நம் எழுத்தின் தொல்லைகள் வேறு. இரண்டு சுழிக்கும் மூன்று சுழிக்கும் உள்ள வேறுபாடு ஒரு வளையம். எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வேறுபாடு கீழே ஒரு சிறு கோடு. ஒற்றைக்கொம்புக்கும் இரட்டைக்கொம்புக்கும் வேறுபாடு மேலே ஒரு சுழிப்பு. ‘கொடு’, ‘கோடு’ என்ற இரண்டு சொற்களையும் பிரித்து நிறுத்துவது அது ஒன்றுதான். மெய்யின் தலையில் உள்ள புள்ளி சிறிய அச்சில் தூசியைப் போல் மறைந்துவிடும். ரகரமும் துணைக்காலும் பல எழுத்துருக்களில் அச்சு அசல் ஒன்றுபோல இருக்கும். பெரியவர்களே ரகரம் வர வேண்டிய இடத்தில் துணைக்காலைத் தட்டிவிட்டுக் கண்டுபிடிக்காமல் விட்டுவிடுவதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஔகாரக் குறியின் வால் ளகரமாகவே எழுதப்படுவதால் ‘கௌ’ என்பதைக் ‘கெள’ என்று வாசிக்கும் குழந்தையை நான் குற்றம் சொல்லமாட்டேன்.

தமிழ் எழுத்துருவைத் தேர்ந்தெடுக்க இந்தப் பட்டியலே அளவுகோல். ‘கொடு கோடு, மனம் மணம், அரம் ஆரம், கௌதாரி’ என்று ஒரு வரி தட்டச்சு செய்து, கணினியில் உள்ள எழுத்துருக்களில் அதை ஒவ்வொன்றாக அச்சிட்டுப் பாருங்கள். கையெட்டும் தொலைவில் பிடித்தாலும் புள்ளி தெரிகிறதா, கொம்புகள் வேறுபடுகின்றனவா, ரகரத்துக்குக் கீழே வால் இருக்கிறதா? நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர் போன்ற, கோட்டின் தடிமன் சீராக உள்ள எழுத்துருக்களில் தொடங்கலாம். தலைப்புக்காகச் செய்த அலங்கார எழுத்துருக்கள் வேண்டாம். ஆங்கிலத்துக்கு 14 பாயிண்ட் என்றால் தமிழுக்கு நான் 16 வைப்பேன். நம் எழுத்தில் நுணுக்கம் கூடுதல்.

எழுத்து இடைவெளியை விரிக்கும்போது ஓர் எச்சரிக்கை. கோப்பு யுனிகோடு எழுத்துருவில் இருந்தால் பெரும்பாலும் கொம்பும் காலும் தம் மெய்யோடு சேர்ந்தே நகரும். பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கோப்பானால், அங்கே ஒவ்வொரு குறியும் கணினிக்குத் தனி எழுத்து. இடைவெளியைக் கூட்டினால் கொம்பு ஒரு பக்கம், ககரம் ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று சிதறிவிடும். ஏற்கெனவே இந்தப் பிள்ளைகளுக்கு அங்கே ஒரு சிக்கல் உண்டு. ‘கெ’ என்று எழுதும்போது கொம்பு முதலில் நிற்கிறது, அதன் ஒலியோ ககர ஒலிக்குப் பின்னால் வருகிறது. ‘கொ’ என்றால் ஒரே உயிரொலி மெய்யின் இரு பக்கத்திலும் பிரிந்து நிற்கிறது. அதைக் கோப்பே கூடுதலாகப் பிய்த்துக் கொடுக்கக் கூடாது. பழைய கோப்புகளை முதலில் யுனிகோடுக்கு மாற்றிவிடுங்கள்.

இன்னொன்று, சொல்லின் நீளம். ‘போய்க்கொண்டிருந்தவர்களுக்கு’ என்று ஒரே மூச்சில் எழுதும் மொழி நம்முடையது. எவ்வளவு இடைவெளி விட்டாலும் அந்தச் சொல் அந்தச் சொல்தான். தொடக்கத்தில் பென்சிலால் அடியில் சிறு வளைவுகள் போட்டு ‘போய்க் கொண்டிருந் தவர் களுக்கு’ என்று பிரித்துக் காட்டுங்கள். பிறகு அந்தப் பெண்ணையும் பையன்களையுமே வளைவு போடச் சொல்லுங்கள். அவர்கள் எங்கே பிரிக்கிறார்கள் என்பதைப் பார்த்தாலே எதில் தடுமாறுகிறார்கள் என்பது உங்களுக்குப் பிடிபடும். குறுகிய பத்திகளில் ஒரு சொல் இரண்டு வரிகளில் உடைந்து விழாதபடி பார்த்துக்கொள்வதும் தமிழில் முக்கியம்.

அந்தப் பெண்ணைப் பற்றி. தாளை ஒளித்துவைப்பவள் உங்களுக்கு ஒரு செய்தி சொல்கிறாள். வகுப்பில் முப்பது பேர் கையில் ஒருவகைத் தாளும் மூன்று பேர் கையில் வேறுவகைத் தாளும் இருந்தால், அந்த மூவருக்கும் நெற்றியில் எழுதி ஒட்டியது போலத்தான். பத்து வயதில் அது வாசிப்புச் சிரமத்தைவிட அதிகமாக வலிக்கும். நான் மேலே சொன்ன அமைப்பில் ஒரே தாளை வகுப்பு முழுவதற்கும் அச்சிட்டுக் கொடுங்கள். பெரிய, விலகலான எழுத்தால் நன்றாக வாசிப்பவர்களுக்கு நட்டம் ஒன்றுமில்லை. காகிதம் கொஞ்சம் கூடுதலாகச் செலவாகும். பின்பக்கத்திலும் அச்சிட்டால் அதுவும் சரியாகிவிடும். வினாத்தாளும் அப்படியே.

அந்தப் பையனுக்கு ஓப்பன்டிஸ்லெக்ஸிக் உண்மையிலேயே பிடித்திருந்தால்? வைத்துக்கொள்ளட்டும். திரையில் வாசிக்கும்போது அவனே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். பிடித்த உடையில் பள்ளிக்கு வருவதைப் போன்ற ஒரு சந்தோஷம் அது, அதைப் பறிக்க எனக்கு மனமில்லை. அந்த விருப்பத்தை மட்டும் மருத்துவம் என்று எண்ணிவிடாதீர்கள். பிடிப்பதும் நன்றாக வாசிப்பதும் தனித்தனி என்று மேலே சொன்னது இதற்காகத்தான்.

ஆனாலும் என் பேச்சை அப்படியே நம்ப வேண்டாம், நீங்களே சோதியுங்கள். உங்களிடம் கடிகாரமும் பழக்கமும் இருக்கின்றன. அவன் இதுவரை பார்த்திராத, ஏறக்குறைய ஒரே கடினமான எட்டுச் சிறு பத்திகளை எடுங்கள். ஒரே கதைத் தொகுப்பிலிருந்து எடுத்தால் வசதி. நான்கை அவனுடைய எழுத்துருவிலும், நான்கை ஏரியலிலும் அச்சிடுங்கள். அச்சில் எழுத்தின் உயரமும் இடைவெளியும் இரண்டிலும் ஒன்றாகத் தெரியும்படி, ஏரியலைக் கொஞ்சம் பெரிதாக்கி, விரித்துக்கொள்ளுங்கள். பாயிண்ட் எண்ணை நம்ப வேண்டாம், தாள்களை அருகருகே வைத்துக் கண்ணால் பாருங்கள். எட்டு நாட்கள், நாளுக்கு ஒன்று, எது எந்த நாள் என்பதைச் சீட்டுப் போட்டு முடிவு செய்யுங்கள். ஒரு நிமிடம் மட்டும் வாசிக்க வைத்து, சரியாக வாசித்த சொற்களை ஓர் எண்ணாகவும் பிழைகளை இன்னோர் எண்ணாகவும் எழுதுங்கள். வாசிக்கும் நேரத்தில் திருத்த வேண்டாம். ‘இது நல்ல எழுத்து’ என்று முகத்தில்கூடக் காட்டிக்கொள்ள வேண்டாம். பிள்ளைகள் நம் முகத்தைத்தான் முதலில் வாசிப்பார்கள். கடைசியில் நான்கு எண்களையும் நான்கு எண்களையும் அருகருகே வையுங்கள். ஒன்றுக்கொன்று கலந்து கிடந்தால் எழுத்துருவுக்குப் பங்கில்லை. ஒரு பக்கம் எல்லா எண்களும் தெளிவாக மேலே நின்றால், அந்த ஒரு பிள்ளைக்கு அதில் ஏதோ இருக்கிறது என்று நானும் ஒப்புக்கொள்வேன்.

மிச்சமாகும் மாலை நேரத்தை எங்கே செலவிடுவது என்று கேட்டால், தயக்கமே இல்லை: ஒலியில். நாளுக்கு இருபது நிமிடம், மூன்று பேரோடு. சொல்லைக் காதால் பிரிப்பது, ஒலியை எழுத்தோடு சேர்ப்பது, கற்ற எழுத்துகளை மட்டுமே கொண்ட சிறு வரிகளை வாசிப்பது, அதையே எழுதுவது, நேற்றையதை இன்று மீண்டும் தொடுவது. ஆங்கிலத்தில் ஒரே ஒலிக்குப் பல எழுத்துக்கூட்டல்கள் இருப்பதால் அது நீண்ட வேலை. தமிழில் அவ்வளவு இல்லை என்றாலும், ‘கடல்’, ‘அகல்’, ‘தங்கம்’ மூன்றிலும் ஒரே ககரம் மூன்று விதமாக ஒலிப்பதை யாரோ ஒருவர் உட்கார்ந்து சொல்லித்தர வேண்டும். அறிவியல், வரலாறு போன்ற பாடங்களில் செய்தியைத் தெரிந்துகொள்வதற்கு வாசிப்பே தடையாக நிற்கக் கூடாது. கணினி வாசித்துக் காட்டும் வசதியையோ வாசித்துக் காட்டும் ஒரு துணையையோ அங்கே பயன்படுத்துங்கள். தேர்வில் கூடுதல் நேரம், வினாவை வாசித்துச் சொல்ல ஒருவர் ஆகியவற்றுக்கு உங்கள் தேர்வு வாரிய விதிகளில் இடம் இருந்தால் இப்போதே விண்ணப்பியுங்கள். தலைமை ஆசிரியர் தம் உற்சாகத்தைச் செலவிட அது நல்ல இடம்.

அந்தத் தந்தையிடம் ‘நீங்கள் அனுப்பியது வீண்’ என்று சொல்லிவிடாதீர்கள். மகனுக்காகத் தேடி அலைந்து ஒன்றைக் கொண்டுவந்தவர், அது விலையில்லாததும் தீங்கில்லாததுமாக இருந்தது அவருடைய நல்ல காலம். அடுத்து அவர் வண்ணக் கண்ணாடியையோ கண் பயிற்சியையோ கொண்டுவரக்கூடும். அவற்றுக்குக் காசு ஆகும். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களும் கண் மருத்துவர்களும் சேர்ந்து 2009இல் வெளியிட்ட அறிக்கையிலேயே, டிஸ்லெக்ஸியாவுக்கு அவற்றால் பலன் உண்டு என்பதற்கு ஆதாரம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அவருக்கு வேறு ஒரு வேலை கொடுங்கள். அந்த எட்டு நாள் சோதனைக்குப் பத்திகளைத் தேர்ந்தெடுத்து, இரண்டு எழுத்துருவிலும் அச்சிட்டுத் தரச் சொல்லுங்கள். முடிவு எப்படி வந்தாலும் அவரும் கூடவே இருந்து பார்த்திருப்பார்.

எண்கள் வந்ததும் எனக்கு எழுதுங்கள். சராசரி வேண்டாம், எட்டு நாளின் எட்டு வரிகளையும் அப்படியே அனுப்புங்கள்; எந்தச் சொற்களில் இடறினான் என்பதையும் பக்கத்தில் குறித்திருந்தால், அடுத்து எந்த ஒலியில் தொடங்கலாம் என்று அதை வைத்தே சொல்கிறேன்.